மலை இறங்கின பிறகு கேளுங்க: காரவள்ளி மெக்கானிக்கும் கூகுள் ரிவ்யூவும்

(எபிசோடின் எழுத்து வடிவம். கேட்கும்போது சரியாக இருந்து, படிக்கும்போது இழுவையாகத் தெரிந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)



“அப்பா ஊர்ல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கார். முப்பது வருஷ அனுபவம். கூகுள்ல பார்த்தா நாலே நாலு ரிவ்யூ. நேத்து கடை போட்டவனுக்கு நூறு இருக்கு. என்னதான் பண்றது?” இந்தக் கேள்வி எனக்கு வேற வேற ரூபத்துல வந்துக்கிட்டே இருக்கு. அப்பாவுக்குப் பதிலா மாமா, ஒர்க்‌ஷாப்புக்குப் பதிலா டெய்லர் கடை, ஏசி சர்வீஸ், பிளம்பிங். கேக்குறவங்க பெரும்பாலும் சென்னையிலயோ பெங்களூர்லயோ லேப்டாப் முன்னாடி உக்காந்திருக்கிறவங்க. ஊர்ல இருக்கிற கடைக்கு அவங்கதான் ஐடி டிபார்ட்மெண்ட்.

இதைப் பொதுவா பேசினா தூக்கம் வரும். அதனால ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கிட்டு, அங்க ஒரு கடை இருக்கிறதா வச்சு யோசிப்போம். இடம் காரவள்ளி.

பைக்ல கொல்லிமலை போனவங்களுக்கு இந்தப் பேர் தெரியும். நாமக்கல்ல இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி வந்தா மலை அடிவாரம் காரவள்ளி. இங்கதான் அந்தப் பிரபலமான 70 கொண்டை ஊசி வளைவு ஆரம்பிக்குது. இன்ஸ்டாகிராம்ல நீங்க பார்க்கிற அந்த ட்ரோன் வீடியோ எல்லாம் இந்த ரோடுதான். மேல சோளக்காடு, செம்மேடு, அறப்பளீஸ்வரர் கோவில், ஆகாய கங்கை. கீழ காரவள்ளியில நின்னு ஒரு டீ குடிச்சுட்டு, காத்து செக் பண்ணிட்டு ஏறுறது வழக்கம்.

இந்த அடிவாரத்துல ஒரு டூவீலர் மெக்கானிக் கடை. பஞ்சர் ஒட்டுவாங்க, பிரேக் ஷூ மாத்துவாங்க, கிளட்ச் கேபிள் போடுவாங்க. இதுதான் நம்ம கற்பனைக் கடை.

இவருக்கு ரெண்டு வகை கஸ்டமர். ஒண்ணு, உள்ளூர்க்காரங்க. மலையில இருந்து மிளகு, காபி, பலா கொண்டு வர்றவங்க, சுத்துப்பட்டு ஊர்க்காரங்க. இவங்களுக்கு கூகுள் தேவையே இல்லை. யார் கை சுத்தம், யார் பழைய ஸ்பேரைப் புதுசுன்னு போடுவாங்கன்னு டீக்கடையிலயே தெரிஞ்சிடும். நாமக்கல் லாரி ஊர். எந்த ரோட்டுல எந்த மெக்கானிக்கை நம்பலாம்ங்கிற தகவல் டிரைவர்கிட்ட இருந்து டிரைவருக்கு வாய்மொழியாவே போய்க்கிட்டிருக்கிற ஊர். அந்த நெட்வொர்க் நம்ம எந்த ஆப்பையும் விட ஸ்ட்ராங்.

ரெண்டாவது வகை, வெளியூர்க்காரங்க. சனி, ஞாயிறுல பெங்களூர், சேலம், கோயம்புத்தூர், சென்னைன்னு எல்லாப் பக்கமும் இருந்து வருவாங்க. ஆடி 18 வல்வில் ஓரி விழா சமயத்துல கேக்கவே வேண்டாம். இவங்களுக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாது. டீக்கடை நெட்வொர்க்ல இவங்க கிடையாது. முந்தின நாள் ராத்திரி ரூம்ல உக்காந்து மேப்ல தேடுவாங்க, இல்லைன்னா வளைவுல வண்டி மக்கர் பண்ணும்போது தேடுவாங்க. ஆக, ரிவ்யூவைப் படிக்கிறதும் இவங்கதான், எழுத முடிஞ்சதும் இவங்கதான். சிக்கல் என்னன்னா, இவங்க ஒரு தடவை வருவாங்க, போயிடுவாங்க. திரும்பி எப்ப வருவாங்கன்னு யாருக்கும் தெரியாது. ரெகுலர் கஸ்டமர்கிட்ட “அடுத்த தடவை எழுதுங்க”ன்னு சொல்லலாம். இங்க அடுத்த தடவையே கிடையாது.

இன்னொண்ணையும் சொல்லிடணும், இந்த எபிசோடுக்கே காரணம் அதுதான். ஒரு பிரியாணிக் கடைக்குப் பொய்யா 5 ஸ்டார் இருந்தா, நீங்க ஒரு மோசமான பிரியாணி சாப்பிடுவீங்க. மலை அடிவாரத்துல பிரேக் பார்க்கிற கடைக்குப் பொய்யா 5 ஸ்டார் இருந்தா கதை வேற. கியர் வண்டின்னா லோ கியர்ல இன்ஜின் பிடிமானத்துல இறங்கலாம். ஸ்கூட்டர்ல அந்த வசதி ரொம்பக் குறைவு, கிட்டத்தட்ட பிரேக்கை மட்டும் நம்பித்தான் இறங்கணும். விடாம பிடிச்சுக்கிட்டே வந்தா பிரேக் சூடாகி பிடிப்பு குறையும். அந்த நேரத்துல தேய்ஞ்ச ஷூ உள்ள இருந்தா, அந்த ஸ்டாருக்கு யாரோ ஒருத்தர் விலை கொடுப்பாங்க.

நாலு ரிவ்யூவோட கணக்கு

முதல்ல ஏன் எண்ணிக்கை முக்கியம்னு ஒரு சின்னக் கணக்கு. நான் இன்ஜினியர், கணக்கு போடாம விடமாட்டேன்.

கடைக்கு நாலு ரிவ்யூ. மூணு பேர் 5 கொடுத்தாங்க, ஒருத்தர் ஏதோ கோவத்துல 1 கொடுத்தார். சராசரி 4.0. அதாவது ஒரே ஒரு ஆளோட மூடு, கடையோட மொத்த மதிப்பையும் ஒரு முழு ஸ்டார் இறக்கிடுச்சு. இப்ப இன்னும் 16 பேர் எழுதுறாங்கன்னு வைங்க. எல்லாரும் 5 கொடுக்க மாட்டாங்க. 13 பேர் 5, ரெண்டு பேர் 4, ஒருத்தர் 3. மொத்தம் 20 ரிவ்யூ, சராசரி 4.6. அந்தக் கோவக்காரர் அங்கேயே இருக்கார், அவர் எழுதினதும் அப்படியே இருக்கு. ஆனா நாலுல ஒரு குரலா இருந்தவர் இருபதுல ஒரு குரலாயிட்டார்.

சும்மா விட்டா ரிவ்யூ எழுதுறது யாருன்னு யோசிச்சுப் பாருங்க. ரொம்பக் கோவப்பட்டவங்க, ரொம்ப சந்தோஷப்பட்டவங்க. “வந்தோம், பிரேக் பார்த்தாங்க, நியாயமா வாங்கினாங்க, போனோம்”னு இருக்கிற பெரும்பான்மை ஆளுங்க எழுதவே மாட்டாங்க. எழுதத் தோணாது. அந்த அமைதியான பெரும்பான்மையை எழுத வைக்கிறதுதான் இங்க வேலை.

இதுல காசும் இருக்கு. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல்ல மைக்கேல் லூக்காங்கிற ஆய்வாளர் 2011-ல ஒரு ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவுல சியாட்டில் ரெஸ்டாரண்ட்களோட வருமானத்தையும் ‘யெல்ப்’ தளத்துல இருந்த ரேட்டிங்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு ஸ்டார் கூடினா வருமானம் 5-ல இருந்து 9 சதவீதம் வரைக்கும் கூடுதுன்னு வந்துச்சு. எனக்கு அதுல பிடிச்ச விஷயம் வேற: இந்த விளைவு தனி ஆள் நடத்துற கடைகள்லதான் தெரிஞ்சது, பெரிய செயின் கடைகள்ல இல்லை. செயின் கடைக்குப் பேரே போதும். பேர் தெரியாத கடைக்குத்தான் ஸ்டார் வேலை செய்யுது. காரவள்ளிக் கடை எந்தப் பக்கம்னு சொல்லத் தேவையில்லை.

அதுக்காக 5.0 வேணும்னு அலையாதீங்க. நார்த்வெஸ்டர்ன் யூனிவர்சிட்டியோட ஸ்பீகல் ஆய்வு மையம் 2017-ல ஆன்லைன் கடைகளை வச்சுப் பார்த்தது. ரேட்டிங் 4.0-ல இருந்து 4.7 வரைக்கும் இருக்கும்போதுதான் மக்கள் அதிகமா வாங்குறாங்க, 5-ஐ நெருங்கும்போது குறையுது. ஏன்னு நமக்கே தெரியும். எல்லாமே 5 ஸ்டாரா இருந்தா, மச்சான், மாமா எல்லாம் சேர்ந்து போட்டிருக்காங்கன்னுதானே நினைப்போம்?

எப்ப கேக்கணும்

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயத்தை எடுத்துட்டுப் போறதா இருந்தா, இந்தப் பகுதியை எடுத்துக்கங்க.

எல்லாரும் சொல்ற அட்வைஸ், “பில் கொடுக்கும்போதே ரிவ்யூ கேட்டுடுங்க, கஸ்டமர் அப்பதான் சந்தோஷமா இருப்பார்.” சலூனுக்கு அது சரி. கண்ணாடியில முடி தெரியுது, பிடிச்சிருக்கா இல்லையான்னு அங்கேயே தெரிஞ்சிடும். டீக்கடைக்கும் சரி.

பிரேக் வேலைக்கு அது தப்பு. காலையில காரவள்ளியில ஷூ மாத்தின உடனே அந்த ஆளுக்கு என்ன தெரியும்? மெக்கானிக் மரியாதையா பேசினார், சீக்கிரம் முடிச்சார், இவ்வளவு வாங்கினார். அவ்வளவுதான். பிரேக் எப்படி இருக்குன்னு அவருக்கு இன்னும் தெரியாது. அந்த நேரத்துல எழுதற 5 ஸ்டார், மெக்கானிக்கோட புன்னகைக்குக் கொடுக்கிற 5 ஸ்டார். அதைப் படிச்சு நம்பி வர்ற அடுத்த ஆளுக்கு அதனால பிரயோஜனம் இல்லை. எழுதறவருக்கும் எழுத விஷயம் இருக்காது. “குட் சர்வீஸ்”னு ரெண்டு வார்த்தை. அதுவும் அவர் மலை ஏறுற அவசரத்துல இருப்பார், கேட்டா “சரிண்ணா, போட்டுடறேன்”னு சொல்லிட்டுக் கிளம்பிடுவார்.

இப்ப அதே ஆள் மறுநாள் மதியம் இறங்கி வர்றார். எழுபது வளைவும் முடிஞ்சது. கை வலிக்குது, மனசு லேசாயிடுச்சு, டீ குடிக்க நிக்கிறார். வண்டியை நிறுத்திட்டு நண்பர்கிட்ட அந்த 30-ஆவது வளைவுல லாரி வந்த கதையைச் சொல்லிக்கிட்டிருப்பார். அந்த நேரத்துல மெக்கானிக் தாண்டிப் போகும்போது, “என்னங்கண்ணா, வண்டி நல்லா இறங்குச்சுங்களா?”

இந்தக் கேள்வியைக் கவனிங்க. இதுல ரிவ்யூங்கிற வார்த்தையே இல்லை. உண்மையிலேயே ஒரு மெக்கானிக் தெரிஞ்சுக்க வேண்டிய கேள்வி இது. “சூப்பர்ண்ணா, பின்னாடி பிரேக் இப்ப நல்லா பிடிக்குது”ன்னு பதில் வந்தா, அடுத்த வரி தானா வரும்: “அதை அப்படியே கூகுள்ல எழுதிவிடுங்கண்ணா, புதுசா வர்றவங்களுக்கு உதவியா இருக்கும்.” “இல்லைண்ணா, லேசா சத்தம் வருது”ன்னு பதில் வந்தா ஸ்பேனரை எடுத்துட்டு வாங்க. அதைச் சரி பண்ணி அனுப்புறது ரிவ்யூவை விடப் பெரிய விஷயம். சரி பண்ணின பிறகு அவர்கிட்டயும் அதே மாதிரி ரிவ்யூ கேளுங்க. இந்தக் கடைசி வரி முக்கியம், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

எல்லாரும் அதே வழியில இறங்க மாட்டாங்க. சிலர் முள்ளுக்குறிச்சி வழியா அந்தப் பக்கம் போயிடுவாங்க. அவங்களுக்கு வாட்ஸ்அப்தான். வேலை முடிச்சு அனுப்பும்போதே, “நாளைக்கு ஒரு மெசேஜ் போட்டு வண்டி எப்படி இருக்குன்னு கேக்கலாமா”ன்னு கேட்டு நம்பர் வாங்கிக்கணும். கேக்காம, பணம் அனுப்பின நம்பரை எடுத்து மெசேஜ் அனுப்புறது எனக்குச் சரியாப் படலை. அவர் ஊர் போய்ச் சேர்ந்த அன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு மெசேஜ்:

“வணக்கங்கண்ணா, காரவள்ளியில பிரேக் பார்த்த கடை. வண்டி நல்லபடியா ஊர் வந்து சேர்ந்துச்சுங்களா? ஏதாவது குறை இருந்தா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. எப்படி இருந்துச்சுன்னு இந்த லிங்க்ல எழுதினீங்கன்னா மலைக்கு வர்ற மத்தவங்களுக்கு உதவும்.”

அவ்வளவுதான். பதில் வரலைன்னா விட்டுடுங்க. ரெண்டாவது மெசேஜ் போட்டா நீங்களும் கிரெடிட் கார்டு விக்கிறவங்களும் ஒண்ணாயிடுவீங்க.

உங்க அப்பா கடை பிரேக் கடையா இல்லாம இருக்கலாம். கேள்வி அதேதான்: இந்த வேலை சரியா நடந்துச்சுன்னு கஸ்டமருக்கு எப்ப தெரியும்? வாட்டர் ப்ரூஃபிங் பண்றவருக்கு முதல் நல்ல மழைக்கு மறுநாள். ப்ளவுஸ் தைக்கிறவங்களுக்குக் கல்யாணம் முடிஞ்ச ரெண்டாவது நாள். ஏசி சர்வீஸுக்கு ஒரு வாரம். இன்வெர்ட்டர் கடைக்கு அடுத்த பவர் கட். அந்த நாள்ல கேளுங்க.

எப்படிக் கேக்கணும்

இது டெக்னிக்கல் பகுதி, வேகமாப் போயிடலாம்.

லிங்க் இல்லாம ஒருத்தர் ரிவ்யூ எழுதணும்னா என்னென்ன பண்ணணும்? மேப்பைத் திறக்கணும். கடைப் பேரைத் தேடணும். முருகன் பேர்ல தமிழ்நாட்டுல எத்தனை ஆட்டோ ஒர்க்ஸ் இருக்குன்னு நினைக்கிறீங்க? சரியானதைக் கண்டுபிடிச்சு, கீழ ஸ்க்ரோல் பண்ணி, ஸ்டாரைத் தொட்டு, அப்புறம்தான் எழுத முடியும். ஒவ்வொரு ஸ்டெப்லயும் கொஞ்சம் பேர் கழண்டுக்குவாங்க. ஆப் செய்யறவங்களுக்கு இந்த வலி தெரியும்.

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்ல, 2021 வரைக்கும் ‘கூகுள் மை பிசினஸ்’னு இருந்ததுல, ரிவ்யூ கேக்குறதுக்குன்னே ஒரு லிங்க்கும் க்யூஆர் கோடும் இலவசமாக் கிடைக்கும். அந்த லிங்க்கைத் தொட்டா நேரா ஸ்டார் கொடுக்கிற இடத்துக்கே போயிடும். இதுக்குப் பணம் கேக்குற ஆள் யாரா இருந்தாலும் அனுப்பிவிடுங்க.

க்யூஆர் கோடை பிரிண்ட் எடுத்து ஒட்டும்போது ஒரு விஷயம். கடையில ஏற்கெனவே ஜிபே, போன்பே கோடு இருக்கும். நம்ம ஊர்ல க்யூஆர் கோடுன்னாலே பணம்னு அர்த்தமாயிடுச்சு. ரிவ்யூ கோடைப் பக்கத்துலயே ஒட்டினா ஒருத்தர் இதை ஸ்கேன் பண்ணி பணம் போகலைன்னு முழிப்பார், இன்னொருத்தர் ஏதோ ஏமாத்து வேலைன்னு பயப்படுவார். அதனால தள்ளி ஒட்டுங்க, பெருசா தமிழ்ல எழுதுங்க: “எங்க வேலை எப்படி இருந்துச்சு? இங்க எழுதுங்க. இது பணம் கட்டுற கோடு இல்லை.” நம்ம காரவள்ளிக் கடைன்னா, இறங்கி வர்றவங்க கண்ணுல படுற பக்கம் ஒட்டணும். இல்லைன்னா டீக்கடைக்காரர்கிட்ட கேட்டு அவர் சுவத்துல ஒரு இடம்.

ப்ரொஃபைலையும் ஒரு தடவை சரி பண்ணி வைங்க. பின் சரியான இடத்துல இருக்கா, ஞாயித்துக்கிழமை திறந்திருக்கிறதா காட்டுதா, போன் நம்பர் வேலை செய்யுதா. காரவள்ளியில ஞாயித்துக்கிழமை ‘மூடியிருக்கிறது’ன்னு காட்டினா எத்தனை ரிவ்யூ இருந்தும் புண்ணியம் இல்லை. பேர்ல “கொல்லிமலை நம்பர் ஒன் பைக் மெக்கானிக் 24 மணி நேரம்” மாதிரி சேர்க்காதீங்க. போர்டுல என்ன பேர் இருக்கோ அதுதான் இருக்கணும், கூகுளோட விதியே அதுதான். வெரிஃபிகேஷனுக்குப் பல சமயம் வீடியோ கேப்பாங்க. போர்டு, டூல்ஸ், ஷட்டரைத் திறக்கிறதுன்னு ஒரே ஷாட்டா எடுத்து அனுப்பினா முடிஞ்சது.

எவ்வளவு ரிவ்யூ வரும்னு ஒரு தோராயக் கணக்கு. ஒரு நாளைக்கு மூணு பேர்கிட்ட கேக்குறார், மாசம் 26 நாள், மொத்தம் 78 பேர். பத்துக்கு ஒருத்தர் எழுதினாலும் மாசம் ஏழு, எட்டு. ஒரு வருஷத்துல 90 பக்கம் வந்துடும். இது என் அனுமானம்தான், உங்க கடைக்கு வேற மாதிரி இருக்கலாம். ஆனா தினம் மூணு பேர்கிட்ட கேக்குறது எந்தக் கடைக்கும் முடியாத காரியம் இல்லை.

எழுதும்போது பக்கத்துல நின்னு பார்க்காதீங்க. “என் பேரைப் போடுங்க, நம்பர் ஒன்னு எழுதுங்க”ன்னு டிக்டேட் பண்ணாதீங்க. நல்ல ரிவ்யூ வேணும்னா நல்ல கேள்வி போதும். “என்ன பிரச்சனையோட வந்தீங்க”ங்கிறதை ஞாபகப்படுத்தினா அவங்களே எழுதிடுவாங்க. தமிழ்ல எழுதினாலும் தப்பில்லை. மேப்புக்கு மொழிபெயர்க்கத் தெரியும், பெங்களூர்ல இருந்து தேடுறவரும் படிச்சுக்குவார்.

இதுல ஒரு சின்ன டைவர்ஷன். நம்ம ஆளுங்களுக்கு ரிவ்யூ புதுசா என்ன? சங்க காலத்துல ஆற்றுப்படைன்னு ஒரு வகைப் பாட்டே இருந்துச்சு. ஒரு வள்ளல்கிட்ட பரிசு வாங்கிட்டு வர்ற கலைஞர், எதிர்ல வர்ற இன்னொரு கலைஞர்கிட்ட, “அவர்கிட்ட போ, இந்த வழியாப் போ”ன்னு சொல்றது. அசல் ரெஃபரல். பத்துப்பாட்டுல இருக்கிற மலைபடுகடாம் அப்படித்தான்: நன்னனோட மலை நாட்டுக்குப் போற வழி, வழியில என்னென்ன ஆபத்து, எங்க சோறு கிடைக்கும்னு விலாவாரியா இருக்கும். “குட் கிங், 5 ஸ்டார்”னு முடிக்கலை. என்ன, பரிசு வாங்கிட்டு எழுதினது. கூகுள் பாலிசிப்படி தூக்கியிருப்பாங்க.

எதைச் செய்யக் கூடாது

சிரிச்சுட்டு விட்டாலும் அந்தப் பாலிசி நிஜம். ரிவ்யூ எழுதினா 50 ரூபாய் தள்ளுபடி, இலவச வாட்டர் வாஷ், எதுவும் கூடாது. ஸ்டார் எவ்வளவுன்னு சொல்லாம சும்மா “எழுதினா தள்ளுபடி”ன்னு சொன்னாலும் கூடாது. சொந்தக் கடைக்கு நீங்க எழுதக் கூடாது, வேலை செய்யற பசங்களும் எழுதக் கூடாது.

நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு: சந்தோஷமா இருக்கிறவங்களை மட்டும் பொறுக்கி எடுத்து ரிவ்யூ கேட்டு, குறை சொல்றவங்களைத் தனி வழியில திருப்பிவிடுறதும் விதிமீறல்தான். சில மார்க்கெட்டிங் டூல்ஸ் இதையே ஒரு வசதியா விக்கிறாங்க. முதல்ல “எத்தனை ஸ்டார்”னு கேட்டு, 4-க்கு மேலன்னா கூகுளுக்கு அனுப்பும், கீழன்னா ஒரு ஃபார்ம் மட்டும் காட்டும். அதனாலதான் முன்னாடி சொன்னேன், சத்தம் வருதுன்னு சொன்னவர்கிட்டயும் லிங்க் கொடுங்கன்னு. வாட்ஸ்அப் மெசேஜ்லயும் போன் நம்பர், லிங்க் ரெண்டும் எல்லாருக்கும் போகுது பாருங்க.

அப்புறம் பேக்கேஜ் விக்கிறவங்க. “சார், 100 ரிவ்யூ, மூணு நாள்ல”ன்னு உங்க அப்பாவுக்கு போன் வரும், வந்திருக்கும். இதுல நீங்க கவனிக்க வேண்டியது அந்த 100 பேர் யாருங்கிறது. “வீட்டிலிருந்தே வேலை, மேப்ல ஹோட்டலுக்கு ரிவ்யூ போட்டா பணம்”னு டெலிகிராம், வாட்ஸ்அப்ல மெசேஜ் வருதே, நம்ம எல்லாருக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும். முதல்ல நூறு, இருநூறு ரூபாய் நிஜமாவே போடுவாங்க. நம்பிக்கை வந்ததும் “ப்ரீபெய்டு டாஸ்க்”னு பணம் கட்டச் சொல்லுவாங்க. அதுக்கப்புறம் போன பணம் போனதுதான். பார்ட் டைம் ஜாப்ங்கிற பேர்ல நடக்கிற இந்த மோசடி தளங்கள்ல நூத்துக்கும் மேல 2023 டிசம்பர்ல மத்திய அரசு முடக்கிச்சு. உங்க நண்பர் யாராவது மாட்டியிருந்தா உடனே 1930-க்குக் கூப்பிடச் சொல்லுங்க. காசுக்கு ரிவ்யூங்கிற சந்தையும் இந்த மோசடியும் ஒரே தெருவுலதான் நடக்குது.

சரி, அது தெரியாம வாங்கிட்டா என்ன ஆகும்? கூகுள் 2023-ல மட்டும் விதி மீறின ரிவ்யூ 17 கோடிக்கு மேல தடுத்தோம், நீக்கினோம்னு சொல்லுது. பிடிபட்ட கடைக்குக் கொஞ்ச காலம் புது ரிவ்யூவே வராம நிறுத்தலாம், பொய் ரிவ்யூ நீக்கப்பட்டதுன்னு ப்ரொஃபைல்லயே எச்சரிக்கை போடலாம். முப்பது வருஷமா நாணயமா தொழில் பண்ணின மனுஷன் பேருக்கு மேல அப்படி ஒரு வரி வந்தா எப்படி இருக்கும்? இந்தியாவுல ரிவ்யூக்குன்னே ஐஎஸ் 19000:2022-ன்னு ஒரு தர நிர்ணயம் 2022 நவம்பர்ல வந்துச்சு, ஆனா வந்தப்ப அது தளங்கள் விருப்பப்பட்டா பின்பற்றுறதாதான் இருந்துச்சு, கட்டாயமா இல்லை. அமெரிக்காவுல 2024 அக்டோபர்ல இருந்து பொய் ரிவ்யூ விக்கிறது, வாங்குறது ரெண்டுக்கும் அபராதம். நம்ம பக்கமும் இறுகும்னுதான் நினைக்கிறேன்.

பொய் எவ்வளவு தூரம் போகும்னு பார்க்கணும்னா 2017 லண்டன் கதை. ஊபா பட்லர்னு ஒரு பத்திரிகையாளர், தன் வீட்டுத் தோட்டத்துல இருந்த கொட்டகையை ஒரு ரெஸ்டாரண்ட்னு ட்ரிப் அட்வைசர்ல பதிவு பண்ணார். அப்படி ஒரு ரெஸ்டாரண்டே கிடையாது. நண்பர்களை வச்சு ரிவ்யூ எழுதினார். சில மாசத்துல அது லண்டனோட நம்பர் ஒன் ரெஸ்டாரண்ட் ஆயிடுச்சு. ஷேவிங் க்ரீமை வச்சு எடுத்த சாப்பாட்டு ஃபோட்டோவைப் பார்த்து மக்கள் டேபிள் கேட்டு போன் பண்ணாங்க. கேக்க ஜாலியா இருக்கு. அந்தக் கொட்டகைக்குப் பதிலா ஒரு பிரேக் கடையை வச்சுப் பாருங்க, சிரிப்பு வராது.

கேட்ட ரெண்டு கேள்வி

முதல் கேள்வி: “எங்க கடைக்கே வராத ஒருத்தர் 1 ஸ்டார் போட்டிருக்கார். தூக்க முடியுமா?” ப்ரொஃபைல்ல இருந்து அந்த ரிவ்யூவை ரிப்போர்ட் பண்ணலாம். விதிமீறல்னு கூகுளுக்குப் பட்டா தூக்குவாங்க. உங்களுக்குப் பிடிக்கலைங்கிறது காரணம் ஆகாது. அது நடக்கிற வரைக்கும் கீழ ஒரு பதில் எழுதி வைங்க, ஏன்னா அந்தப் பதிலைப் படிக்கப் போறது அந்த ஆள் இல்லை, அடுத்த வாரம் மலைக்கு வர்றவர். “அந்தத் தேதியில இந்த வண்டி எங்க கடைக்கு வந்த மாதிரி தெரியலைங்க. பில் இருந்தா அனுப்புங்க, பார்த்து சரி பண்ணித் தர்றோம்.” இது போதும். ஒருவேளை நிஜமாவே வந்தவர்னா, நிஜமாவே தப்புன்னா, “ஆமாங்க, அன்னைக்குக் கேபிளைச் சரியா டைட் பண்ணலை, திரும்ப வந்தப்ப மாத்திக் கொடுத்தோம்”னு எழுதுங்க. என்னைக் கேட்டா, ஒரு மெக்கானிக்கை நம்பறதுக்கு இருபது 5 ஸ்டாரை விட இந்த மாதிரி ஒரு பதில் மேல். கை முழுக்க கிரீஸா இருக்கிறவர் டைப் பண்ணணும்னு இல்லை, போன்ல மைக்கைத் தொட்டுத் தமிழ்ல பேசினாலே எழுத்தாயிடும்.

ரெண்டாவது கேள்வி: “நான் பெங்களூர்ல இருக்கேன், என் ஜிமெயில்லயே அப்பா கடைக்கு ப்ரொஃபைல் ஓப்பன் பண்ணிடவா?” பண்ணாதீங்க. அப்பாவோட ஜிமெயில்ல ஓப்பன் பண்ணி அவரை ஓனரா வைங்க, உங்களை மேனேஜரா சேர்த்துக்கங்க. ஏஜென்சிகிட்ட கொடுத்தாலும் இதேதான், அவங்க மேனேஜர் மட்டும். ஓனர்ஷிப் வேற யார் கையிலயாவது இருந்தா, நாளைக்கு சண்டை வந்தா சேர்த்த ரிவ்யூ மொத்தமும் அவங்க கையில. பாஸ்வேர்டை ஒரு டைரியில எழுதி கல்லாப்பெட்டியில வைங்க. செக்யூரிட்டி ஆளுங்க என்னைத் திட்டலாம், பரவாயில்லை. அவர் போன் தொலைஞ்சா ஓடிவந்து ரீசெட் பண்ண நீங்க பக்கத்துல இருக்கப் போறது இல்லை.

கொல்லிமலைக்கு நீங்களே போயிட்டு வந்தவரா இருந்தா, அங்க உங்க வண்டியைப் பார்த்த கடைக்கு இன்னைக்கு ரெண்டு வரி எழுதுங்க. என்ன வண்டி, என்ன பிரச்சனை, எவ்வளவு வாங்கினாங்க, இறங்கும்போது எப்படி இருந்துச்சு. சரியா இல்லைன்னா அதையும் எழுதுங்க.

அடுத்த வாரம் வேற டாபிக்கோட வர்றேன். வண்டியைப் பார்த்து ஓட்டுங்க.